விலாசப் புத்தகம் யார் கையில்?

வடசென்னைச் சங்கங்களுக்கும் படிப்பகங்களுக்கும் ஒரு யோசனை

ஒரு பத்திரிகைக்கு உயிர் எது?

அச்சு யந்திரமா? காகிதமா? எழுதுகிறவர்களா?

மூன்றும் வேண்டியவைதான். யந்திரம் பழுதானால் வேறொன்று வாங்கலாம். காகிதம் தீர்ந்தால் கடைக்குப் போகலாம். எழுதுகிறவர் விலகினால் இன்னொருவர் வருவார். ஆனால் சந்தாதாரர்களின் விலாசப் புத்தகம் தொலைந்து போனால்? யாருக்கு அனுப்புவது? எந்தத் தெருவில் போய்த் தேடுவது? பத்திரிகை அன்றோடு நின்றுவிடும்!

இப்போது பல செய்திகள் தபாலில் போவதில்லை. மின்னஞ்சலில் போகின்றன. சங்கச் செய்தி, பள்ளிக்கூடச் செய்தி, திருவிழாச் செய்தி, கடைக்கு வந்த புதுச் சரக்கு பற்றிய செய்தி எல்லாம் இப்படிப் போகின்றன. ஒரு முறை எழுதினால் போதும். ஒரே நேரத்தில் ஆயிரம் வீட்டுக்குப் போய்ச் சேரும். இதற்கு ‘செய்தி மடல்’ என்று பெயர்.

நல்ல வசதிதான். ஆனால் அந்த ஆயிரம் வீட்டு விலாசமும் யாரிடம் இருக்கிறது?

பெரும்பாலும் சங்கத்திடம் இல்லை. கடல் கடந்த ஏதோ ஒரு கம்பெனியின் பெட்டியில் இருக்கிறது!

இது சரியான ஏற்பாடு அல்ல. விலாசப் புத்தகம் சங்கத்தின் பெட்டியில்தான் இருக்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. செலவும் கொஞ்சம்தான். வேண்டியது ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரும், பொறுமையுள்ள இரண்டு இளைஞர்களும்!

சொந்த அச்சகம் வைத்த ஊர்

வடசென்னைக்கு இது புதுப் பாடம் அல்ல.

1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி பெரம்பூர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்கள் கூடிச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாறு அதைச் சொல்கிறது. அந்தச் சங்கத்துக்குத் துணை நின்ற திரு.வி.க. என்ன செய்தார்? சாது அச்சுக்கூடம் என்று சொந்த அச்சகம் வைத்தார். 1920-ல் ‘நவசக்தி’ பத்திரிகையைத் தொடங்கினார்.

1923-ல் சென்னையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் என்ன செய்தார்? ‘தொழிலாளன்’ என்று தமிழில் ஒரு பத்திரிகை நடத்தினார்.

“எங்கள் செய்தியையும் கொஞ்சம் போடுங்கள்” என்று அடுத்தவர் வாசலில் அவர்கள் காத்து நிற்கவில்லை. செய்தி நம்முடையது என்றால், அதை அனுப்பும் வழியும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று போனால் இன்றும் தெருவுக்கு ஒரு சங்கம், மூலைக்கு ஒரு மன்றம். மீனவர் சங்கம், ஆலைத் தொழிலாளர் சங்கம், பள்ளியின் பழைய மாணவர் சங்கம், கோவில் கமிட்டி, தேவாலயப் பங்குப் பேரவை, ஜமாத், படிப்பகம் என்று எத்தனையோ! இவற்றில் எத்தனைக்குச் சொந்தமாக ஒரு விலாசப் புத்தகம் இருக்கிறது? காரியதரிசியின் கைபேசியில் இருப்பதுதான் புத்தகம். கைபேசி கடலில் விழுந்தால் புத்தகமும் கடலில்!

கடை மூடினால் என்ன ஆகும்?

“பெரிய கம்பெனிதானே வைத்திருக்கிறது? பத்திரமாகத்தானே இருக்கும்?” என்று சிலர் கேட்பார்கள்.

நடந்ததைப் பாருங்கள்.

ஆர்குட் என்று ஒன்று இருந்தது. இந்தியாவில் இளைஞர் பட்டாளமே அதில் கூடியிருந்தது. 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி அது மூடப்பட்டது.

யாஹூ குழுமங்கள் என்று ஒன்று இருந்தது. உலகெங்கும் உள்ள தமிழர்கள் அதில் கூடி மின்னஞ்சல் வழியே பேசினார்கள். அகத்தியர், மரத்தடி, ராயர் காபி கிளப் என்றெல்லாம் குழுக்கள் இருந்தன. கதையும் கவிதையும் சண்டையும் சமாதானமுமாக ஆயிரக்கணக்கான கடிதங்கள் எழுதினார்கள். 2019 டிசம்பரில் பழைய கடிதங்களை யாஹூ தன் பக்கங்களிலிருந்து அகற்றியது. 2020 டிசம்பர் 15-ந் தேதி கடையையே மூடிவிட்டது. முன்பே நகல் எடுத்து வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்களுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

செய்தி மடல் அனுப்புவதற்கென்றே நடந்த கடைகளும் மூடின. டிவிட்டர் நடத்திய ரெவ்யூ 2023 ஜனவரியில் மூடியது. டைனிலெட்டர் 2024 பிப்ரவரி 29-ந் தேதி மூடியது.

இந்தக் கம்பெனிகள் மோசம் என்று சொல்வதற்கில்லை. கணக்குப் பார்த்தார்கள், லாபம் இல்லை, மூடினார்கள். வியாபாரம் என்றால் அப்படித்தான். ஆனால் அவர்கள் லாப நஷ்டத்தை நம்பி ஒரு மீனவர் சங்கம் தன் உறுப்பினர் பட்டியலை வைக்கலாமா?

பெங்களூரில் பிறந்த பெட்டி

இதற்கு மாற்றுவழி பக்கத்து ஊரிலேயே பிறந்திருக்கிறது.

பெங்களூரில் ஜெரோதா என்று ஒரு பங்கு வர்த்தக நிறுவனம் இருக்கிறது. அதன் வாடிக்கையாளர்கள் லட்சக்கணக்கானவர்கள். சட்டம் மாறினாலும் விதி மாறினாலும் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பியாக வேண்டும். அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத். அவர் இந்த வேலைக்காகவே ஒரு மென்பொருளை எழுதினார். அதன் பெயர் லிஸ்ட்மாங்க். 2019-ல் அதை உலகத்துக்கே திறந்துவிட்டார்.

திறந்துவிட்டார் என்றால் என்ன பொருள்?

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். காசு வேண்டாம். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம். தமக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை. மாற்றியதைக் கொண்டு ஊருக்குச் சேவை நடத்தினால், மாற்றியதையும் ஊருக்குத் திறந்து காட்ட வேண்டும். தான் வாங்கிய விதையைப் பிறருக்கும் கொடுக்க வேண்டும் என்பது போன்ற விதி இது.

மிகப் பெரிய யந்திரம் வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்களை ஒரே தடவையில் அனுப்பியபோது, அந்த மென்பொருளுக்கு அதிகபட்சம் தேவைப்பட்ட நினைவகம் 57 எம்.பி.தான் என்று அதன் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். பழைய கம்ப்யூட்டரில்கூட அதைப் போல் பல மடங்கு நினைவகம் இருக்கும். 70 லட்சம் அனுப்பும் பெட்டிக்கு 500 வீடு ஒரு பொருட்டா?

நிறுவுவது எப்படி?

முதலில் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருக்க வேண்டும். லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள். 1991-ல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தொடங்கிய வேலை அது. இன்று உலகம் முழுவதும் உள்ளவர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். இதற்கும் காசு இல்லை. சென்னையில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம்கூட ‘பாஸ்’ என்ற பெயரில் ஒரு லினக்ஸை உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. நிறுவுவதற்கு டெபியன் போன்ற ஒரு லினக்ஸ் போதும்.

அடுத்தது, விலாசங்களை அடுக்கி வைக்க ஓர் அலமாரி. கம்ப்யூட்டர் உலகில் இதற்குத் ‘தரவுத்தளம்’ என்று பெயர். லிஸ்ட்மாங்க் கேட்கும் அலமாரி போஸ்ட்கிரெஸ். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-ல் தொடங்கிய ஆராய்ச்சியில் பிறந்தது. இதுவும் இலவசம். லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் வந்து உட்கார்ந்துவிடும். அதில் லிஸ்ட்மாங்குக்கு என்று தனி அறை ஒன்றும், அதற்கு ஒரு பூட்டும் சாவியும் போட வேண்டும்.

பிறகு லிஸ்ட்மாங்கை இறக்கிக்கொள்ள வேண்டும். அது ஒரே ஒரு கோப்பு. அதை வைத்துச் செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று: ‘புதிய அமைப்புக் கோப்பு கொடு’ என்று கட்டளை இட்டால் ஒரு சின்னக் கோப்பை அது எழுதித் தரும். அலமாரி எங்கே இருக்கிறது, சாவி என்ன என்பதை அதில் நிரப்ப வேண்டும்.

இரண்டு: ‘நிறுவு’ என்று கட்டளை இட வேண்டும். அலமாரியில் தட்டுகளை எல்லாம் அதுவே அடித்துக்கொள்ளும்.

மூன்று: அதை ஓட விட வேண்டும். 9000 என்ற எண்ணுள்ள வாசலில் அது காத்திருக்கும். கம்ப்யூட்டரில் உலாவியைத் திறந்து அந்த வாசலுக்குப் போனால், நிர்வாகியின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். கொடுத்தால் வேலை முடிந்தது!

அதன்பிறகு எல்லாம் படம் போட்ட திரைதான். பட்டியல் ஒரு பக்கம், கடிதம் ஒரு பக்கம், யார் யாருக்குப் போயிற்று என்ற கணக்கு ஒரு பக்கம். எக்செல் போன்ற கணக்குத் தாளில் பெயரும் விலாசமும் வைத்திருந்தால், அதைக் காற்புள்ளிக் கோப்பாக மாற்றி அப்படியே உள்ளே ஏற்றிவிடலாம். தமிழில் எழுதினால் தமிழிலேயே போகும்.

பழக்கம் உள்ளவருக்கு இது ஒரு மாலை வேலை. பழக்கம் இல்லாதவர் ஒரு வாரம் முட்டி மோதினாலும் கற்றுக்கொள்வார். லினக்ஸைத் தமிழிலேயே கற்க ‘கணியம்’ என்ற மின்னிதழ் 2012-ல் தொடங்கப்பட்டது. ஆங்கிலம் வராது என்று ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

காரியதரிசியின் சந்தேகம்

இந்த யோசனையை ஒரு கல்லூரி மாணவி படிப்பகத்துக் காரியதரிசியிடம் சொன்னால் பேச்சு எப்படி நடக்கும்? ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும்:

“ஏம்மா, படிப்பகத்துல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு தூசி படிஞ்சு கெடக்குது. அதுல போட்டா ஆவாதா?”

“கத்துக்கிறதுக்கு அது போதும் மாமா. ஊருக்கு அனுப்ப ஆரம்பிச்சா பத்தாது.”

“ஏன்? நல்லாத்தானே ஓடுது?”

“கரண்ட் போனா நின்னுடும். ராத்திரி பத்து மணிக்குப் படிப்பகத்தைப் பூட்டிட்டுப் போயிடுறீங்க. பதினோரு மணிக்கு ஒருத்தர் ‘எனக்கு இனிமே கடிதம் வேணாம்’னு அமுக்கினா, மிஷின் தூங்கிட்டு இருக்குமே? அவருக்கு யார் பதில் சொல்றது?”

“அதுவும் சரிதான். அப்போ இன்னா பண்றது?”

“எப்பவும் ஓடுற கம்ப்யூட்டர் ஒண்ணை வாடகைக்கு எடுக்கணும். மாசம் சில நூறு ரூபாய் ஆகும்.”

“அதுவும் அடுத்தவன் வீடுதானே? இப்போதானே சொந்தம் சொந்தம்னு சொன்னே!”

“வாடகை வீட்ல இருந்தாலும் பீரோ நம்மளதுதானே மாமா? வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னா, பீரோவைத் தூக்கிட்டு அடுத்த தெருவுக்குப் போயிடலாம். பீரோவும் அவருது, சாவியும் அவருதுன்னாதான் ஆபத்து.”

மாணவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. இடம் வாடகையாக இருக்கலாம். பெட்டியும் சாவியும் சொந்தமாக இருக்க வேண்டும். பட்டியலின் நகல் ஒன்று வாரந்தோறும் படிப்பகத்துக்கு வந்துவிட வேண்டும். அப்படி வந்தால், வாடகைக்குக் கொடுத்த கம்பெனி நாளையே மூடினாலும் கவலை இல்லை. வேறு கம்ப்யூட்டரில் மறுபடி நிறுவி நகலை ஏற்றினால், அடுத்த மடல் வழக்கம் போலப் புறப்படும்.

தபால்காரர் தொல்லை

பெட்டி தயார். பட்டியல் தயார். கடிதத்தைப் போட்டுவிட்டால் போய்ச் சேர்ந்துவிடுமா?

அங்கேதான் சிக்கல்!

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் நிலக்கரிக்கு ஒரு துறை, கார் ஏற்றுமதிக்கு ஒரு துறை, எண்ணெய்க்கு ஒரு துறை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள் அல்லவா? கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண்ணுள்ள துறை. ஒரு தபால் கம்ப்யூட்டர் இன்னொரு தபால் கம்ப்யூட்டருக்குக் கடிதம் ஒப்படைப்பது 25-ஆம் எண் துறையில்.

அந்தத் துறையில் நல்லவர்களோடு திருடர்களும் புகுந்துவிட்டார்கள். லாட்டரி விழுந்தது என்றும், பாங்குக் கணக்கு முடங்கிவிட்டது என்றும் பொய்க் கடிதம் அனுப்புகிறவர்கள் அவர்கள். அதனால் கம்ப்யூட்டர் வாடகைக்கு விடும் நிறுவனங்கள் பலவும் 25-ஆம் துறையை முதலில் பூட்டியே வைத்திருக்கின்றன.

துறை திறந்திருந்தாலும் அடுத்த கரையில் சோதனை நடக்கும். ஜிமெயில் போன்ற பெரிய தபால் நிலையங்கள் சுங்க அதிகாரி போல நிற்கின்றன. புது முகம் என்றால் சந்தேகம்தான். சந்தேகம் வந்தால் கடிதத்தைக் குப்பைக் கூடையில் போட்டுவிடும். அனுப்பியவருக்கும் தெரியாது, வாங்க வேண்டியவருக்கும் தெரியாது!

இந்தச் சோதனையில் தேற மூன்று தாள்கள் வேண்டும். சங்கம் தனக்கென ஒரு இணையப் பெயரை வாங்கி, அந்தப் பெயரின் கீழ் இவற்றைப் பதிய வேண்டும்.

முதல் தாள் எஸ்.பி.எப். ‘எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப இன்னின்ன யந்திரங்களுக்கு மட்டுமே உரிமை உண்டு’ என்ற அறிவிப்பு அது.

இரண்டாவது டி.கே.ஐ.எம். பழைய காலத்து அரக்கு முத்திரை போன்றது. வழியில் யாரும் கடிதத்தைத் திருத்தவில்லை என்பதற்கு அத்தாட்சி.

மூன்றாவது டிமார்க். ‘முத்திரை இல்லாமல் எங்கள் பெயரில் கடிதம் வந்தால் இன்னது செய்யுங்கள்’ என்று கொடுக்கும் உத்தரவு.

ஒரு நாளைக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் தனக்கு அனுப்புகிறவர்கள் இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து கட்டாயமாக்கியது. சிறிய சங்கங்களும் மூன்றையும் வைத்துக்கொள்வது நல்லது.

அப்படியும் புது முகத்தின் மீதுள்ள சந்தேகம் தீர நாளாகும். ஆகவே தபால்காரர் வேலையை மட்டும் கூலிக்கு விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். மற்றவர் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் உண்டு. அமேசான் நிறுவனத்தின் அஞ்சல் சேவை அவற்றில் ஒன்று. ஆயிரம் கடிதத்துக்கு 10 அமெரிக்க சென்ட் என்பது அதன் கணக்கு. முதலில் விண்ணப்பம் போட்டு அனுமதி பெற வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 வீடு. வாரம் ஒரு கடிதம். ஆண்டுக்கு 26,000 கடிதம். கூலி 2 டாலர் 60 சென்ட். ரூபாயில் 300-க்குள் முடிந்துவிடும்! 500 பேருக்கு ஒரே ஒரு தடவை காகிதத் தபால் அனுப்பத் தபால்தலைக்கே இதைவிட அதிகம் ஆகும்.

இந்தத் தபால்காரர் பிடிக்கவில்லை என்றால் வேறு ஒருவரை அமர்த்தலாம். லிஸ்ட்மாங்கில் நாலு வரி மாற்றினால் போதும். விலாசப் புத்தகம் பெட்டியை விட்டு நகராது.

கேட்டுவிட்டுச் சேர்க்க வேண்டும்

புத்தகம் கையில் இருக்கிறது என்பதற்காக யாரை வேண்டுமானாலும் அதில் எழுதலாமா?

கூடாது!

கேட்காமல் ஊருக்கெல்லாம் கடிதம் போடும் வழக்கம் 1978-லேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனையாளர் சுமார் 400 பேருக்கு ஒரே நேரத்தில் விளம்பரம் அனுப்பினார். வாங்கியவர்கள் எரிந்து விழுந்தார்கள். அன்றும் இன்றும் மனிதர் மனசு ஒன்றுதான்.

லிஸ்ட்மாங்கில் இதற்கு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஒருவர் விலாசம் கொடுத்ததும் அவருக்கு ஒரு கடிதம் போகும். “சேர்ந்தது நீங்கள்தானா?” என்று கேட்கும். அவர் ஆம் என்று அமுக்கினால்தான் பட்டியலில் உறுதியாவார். ஒவ்வொரு மடலின் கீழும் “இனி வேண்டாம்” என்ற இணைப்பு இருக்கும். அமுக்கினால் பெயர் விலகிவிடும்.

இது மரியாதைக்காக மட்டும் அல்ல, பிழைப்புக்காகவும்தான். குப்பைக் கடிதம் என்று புகார் செய்கிறவர்கள் ஆயிரத்தில் மூன்று பேரை எட்டக் கூடாது என்பது ஜிமெயில் விதி. 500 பேரில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டாலே கணக்கு எல்லை தாண்டிவிடும்!

2023-ல் நாடாளுமன்றம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தையும் நிறைவேற்றியிருக்கிறது. பிறர் விலாசத்தைக் கணினியில் வாங்கி வைப்பது பொறுப்பான காரியம் என்பதை அந்தச் சட்டம் நினைவூட்டுகிறது. பெட்டி சொந்தம் என்றால் காவலும் சொந்தம்தானே? சாவி நல்லதாக இருக்க வேண்டும். மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் முன் நகல் எடுக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. எல்லாம் தெரிந்த பையன் ஒருவனே இருப்பான். அவனுக்குத் துபாயில் வேலை கிடைக்கும். அவன் விமானம் ஏறியதும் பெட்டி அனாதை! ஆகையால் ஆரம்பத்திலேயே இரண்டு பேர் கற்க வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. சாவிகளை எழுதி உறையில் ஒட்டிச் சங்க இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நகலிலிருந்து பட்டியலை மீட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். ஒத்திகை பார்க்காத நகல் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வாட்ஸ்-அப் போதாதா?

“எல்லார் கையிலும் வாட்ஸ்-அப் இருக்கிறதே, இது எதற்கு?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

அவசரத்துக்கு மின்னஞ்சல் உதவாது. 2017 ஜனவரி 28-ந் தேதி எண்ணூர் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரைக்கு வந்த எண்ணெயை வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. அதே மாதம் 26-ந் தேதி இரவு, உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் பக்கத்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அந்த நேரத்தில் சங்கும் ஒலிபெருக்கியும் தொலைபேசியும்தான் துணை. கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் விபத்துக்கு மறுநாள் என்ன? மறுமாதம் என்ன?

நிவாரணம் யாருக்கு, எவ்வளவு, எந்த அலுவலகத்தில், என்ன காகிதம் கொண்டுபோக வேண்டும் என்ற விவரங்கள் வாட்ஸ்-அப்பில் வரும். அதற்கு மேல் ஐம்பது காலை வணக்கம் வந்து மூடிவிடும். ஒரு வாரம் கழித்துத் தேடினால் கிடைக்காது. குழுவில் சேர்ந்தால் ஒருவர் தொலைபேசி எண் மற்றவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பயந்தே பல பெண்கள் சேருவதில்லை.

செய்தி மடலில் ஒருவர் விலாசம் இன்னொருவருக்குத் தெரியாது. தேதி போட்டு வரும். கிடைத்தபடி அப்படியே இருக்கும். பழைய மடல்களை யாரும் பார்க்கும்படி அடுக்கி வைக்கவும் லிஸ்ட்மாங்கில் வசதி இருக்கிறது.

முப்பது நாள் அவகாசம்

இதன் அருமை எங்கே தெரியும் என்பதற்கு ஓர் உதாரணம்.

பெரிய தொழிற்சாலையோ மின் நிலையமோ வருவதானால் பலவற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கை அப்படிச் சொல்கிறது. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். திட்டத்தின் சுருக்கம் ஆங்கிலத்தோடு உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். கலெக்டர் அலுவலகம் போன்ற இடங்களில் அறிக்கையை மக்கள் பார்க்கலாம்.

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இருப்பவர்களுக்கு இது வெறும் காகித விஷயம் அல்ல. மூச்சு விடும் காற்று. வலை வீசும் தண்ணீர். பிள்ளைக்குக் கிடைக்கப்போகும் வேலை!

அந்த 30 நாளில் என்ன நடக்கிறது? அறிவிப்பு ஒரு மூலையில் வருகிறது. கடலுக்குப் போனவர் பார்ப்பதில்லை. ஷிப்டு முடிந்து தூங்குகிறவர் பார்ப்பதில்லை. கூட்டத்துக்கு முதல் நாள்தான் தெருவில் பேச்சுக் கிளம்புகிறது. அறிக்கையைப் படிக்க நேரம் ஏது? கூட்டத்துக்குப் போய் ஆதரித்துப் பேசுவதானாலும் எதிர்த்துப் பேசுவதானாலும், தெரிந்து பேசுவதல்லவா அழகு?

சங்கத்திடம் சொந்தப் பட்டியல் இருந்தால் முதல் வாரமே மடல் போகும். “கூட்டம் இன்ன தேதி. அறிக்கை இன்ன அலுவலகத்தில் இருக்கிறது. அதில் முக்கியமானது இது” என்று எளிய தமிழில் எழுதலாம். இரண்டாம் வாரம் உறுப்பினர்களின் கேள்விகளைத் தொகுக்கலாம். மூன்றாம் வாரம் யார் என்ன பேசுவது என்று முடிவு செய்யலாம். கூட்டம் முடிந்த பிறகு நடந்ததை எழுதி வைக்கலாம். நாளைக்கு “அப்படி யாரும் சொல்லவில்லையே” என்று ஒருவர் மறுத்தால், தேதியோடு எடுத்துக் காட்டலாம்.

மின்னஞ்சல் இல்லாத வீடுகள் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களை விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு மடலையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்சடித்துப் படிப்பகப் பலகையில் ஒட்ட வேண்டும். சாயங்காலம் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்கலாம். பத்திரிகை படிக்கும் பழக்கம் இந்த ஊரில் அப்படித்தானே வளர்ந்தது!

முதலில் செய்ய வேண்டியது

பெரிதாகத் தொடங்க வேண்டாம். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, லிஸ்ட்மாங்கை நிறுவி, சங்க நிர்வாகிகள் பத்துப் பேருக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கட்டும். ஒரு மாதம் பழகட்டும். பிறகு வாடகைக் கம்ப்யூட்டர், இணையப் பெயர், கூலித் தபால்காரர் என்று ஏறலாம். இணையப் பெயருக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் ஆகும். மொத்தச் செலவும் உறுப்பினர்கள் மாதம் ஆளுக்கு ஐந்து ரூபாய் போட்டால் தாராளமாகத் தாங்கும்.

கஷ்டமே இல்லை என்று சொன்னால் அது பொய். முதல் மடல் குப்பைக் கூடைக்குப் போகலாம். ஒரு ராத்திரி பெட்டி ஓடாமல் நிற்கலாம். கம்பெனிக் கடையில் இந்தத் தொல்லை எல்லாம் இல்லை. ஆனால் அங்கே கடைக்காரர் கதவை மூடினால் சங்கம் தெருவில் நிற்கும். இங்கே பெட்டி நின்றால் சங்கத்துப் பிள்ளைகளே ஓட வைப்பார்கள். அந்தக் கைப்பழக்கமே ஒரு சொத்து. அதைக் கொண்டு நாளைக்கு ஒரு வேலையும் தேடிக்கொள்வார்கள்.

யந்திரத்தை வாடகைக்கு வாங்கலாம். தபால்காரரைக் கூலிக்கு அமர்த்தலாம். மென்பொருளை இலவசமாகப் பெறலாம். உறுப்பினர் நம்பிக் கொடுத்த விலாசத்தை மட்டும் அடுத்தவர் பெட்டியில் போட்டுவைக்கக் கூடாது. அது சங்கத்தின் சொத்து. சங்கமே காக்க வேண்டும்!